கோடு கறுக்கும் வரை

மார்ச் 12, புதன். இன்றைய சிறிய தவறு: சட்டத்தில் பாதியைத் தெரிந்துகொண்டு, முழுவதும் தெரிந்தவளைப்போல அண்ணனிடம் சொல்லியிருந்தேன். மீதிப் பாதி இன்று மாலை வகுப்பில் நடத்தப்பட்டது. அண்ணனின் விசாரணை மதியமே முடிந்துவிட்டது.

எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரு சிறிய தவறைப் பக்கத்தின் தலைப்பில் எழுதுவது வழக்கம். பேருந்தில் சில்லறை வாங்க மறந்தது, கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் இடது கண் பவரை வலது கண் கட்டத்தில் குறித்துவிட்டு உடனே திருத்தியது, வகுப்பில் பக்கத்தில் இருந்தவளின் குறிப்பை எட்டிப் பார்த்தது. அப்படி எழுதினால் தவறு குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறையவில்லை, கையெழுத்துதான் திருந்தியது. 'சிறிய' என்ற சொல்லை எல்லாப் பக்கங்களிலும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். பெரிய தவறு செய்யும் அளவுக்குத் தன் கையில் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்பது அவளுடைய கணக்கு. இப்போது அந்தச் சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். அடித்தால் பக்கம் அசிங்கமாகும். அப்படியே விட்டாள்.

அண்ணன் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கருவிகளைச் சுத்திகரிக்கும் அறையில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கத்தியும் கத்திரியும் இடுக்கியுமாகத் தள்ளுவண்டியில் இறங்கிவரும். கழுவித் துடைத்துப் பச்சைத் துணியில் வைத்து மடித்துக் கட்டுவது ஒரு பெண்; பெயர் சொல்லி யாரும் கூப்பிடாமல் மடிப்பக்கா என்றே ஆகிவிட்டாள். மூட்டையின் வாயில் ஒரு டேப் ஒட்டுவாள். டேப்பில் சாய்வாக வெளிறிய கோடுகள் இருக்கும். அண்ணன் மூட்டைகளை அடுக்கி, பீரோ உயர இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைத் திருகிப் பூட்டி, நீராவியைத் திறந்துவிடுவான். வெந்து வெளியே வரும்போது அந்தக் கோடுகள் கறுத்திருக்க வேண்டும். கறுத்தால் மேலே போகும். கறுக்காவிட்டால் திரும்ப உள்ளே போகும். இவ்வளவுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அண்ணி கேட்டாளாம், "அப்ப நீங்க கத்திய வேகவைக்கிறவரா?" என்று.

ஒவ்வொரு முறை ஓடியதற்கும் இயந்திரமே ஒரு சீட்டு அச்சடித்துத் துப்பும். துப்பிக்கொண்டுதான் இருந்தது. போன மழைக்காலத்தில் அந்த அச்சு வாய் மட்டும் நின்றுபோனது. ஆள் வருவான் என்றார்கள், வரவில்லை. சீட்டு இல்லாமல் மூட்டையை மேலே அனுப்ப மனம் வரவில்லை என்று அண்ணன் சொல்வான். அதனால் அவனும் மடிப்பக்காவும் ஒரு வழி செய்தார்கள். வெந்த மூட்டையிலிருந்து டேப்பின் நுனியைக் கொஞ்சம் கிழித்துச் சட்டைக் கையில் ஒட்டிக்கொள்வது, கை காலியானதும் இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் வரிசையாக ஒட்டி, பேனாவால் தேதி போடுவது. கதவு நிறைய வரிவரியாகக் கறுப்புக் கோடுகள். பார்க்க வரிக்குதிரைத் தோல் காயப்போட்டது மாதிரி இருந்ததாம்.

வெளியிலிருந்து தரம் பார்க்க வருகிறார்கள் என்று ஒருநாள் பரபரப்பு கிளம்பியது. சூப்பர்வைசர் மேடம் அலமாரியைத் திறந்தாள், முகத்தைச் சுளித்தாள். "என்ன இது அசிங்கம்? சுரண்டி எடுங்க." அண்ணன் பழைய கத்தியால் சுரண்டினான், மடிப்பக்கா ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். கதவு பளபளத்தது. வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் கிழிக்கும் கை நிற்கவில்லை. கிழித்துச் சட்டையில் ஒட்டிக்கொள்வான், எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று தெரியாமல் அப்படியே மறந்துவிடுவான்.

அப்புறம்தான் அந்த ஒரு மதியம் வந்தது. சின்ன தியேட்டரில் அன்று அறுவை செய்துகொண்ட இரண்டு பேருக்குப் புண் சீழ் வைத்தது. ஒருவர் தேறி வீட்டுக்குப் போனார். இன்னொருவர், முழங்கால் அறுத்த ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன், இன்னும் படுக்கையில். ஆஸ்பத்திரி காரணம் தேடிப் பின்னோக்கி நடந்து நடந்து அடித்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மூட்டைகள் இயந்திரத்தில் ஓடவே இல்லை, நேரே மேலே போயிருக்கின்றன என்றது. மூட்டையைப் பிரித்த நர்ஸ் டேப்பைப் பார்த்தாளா என்று யாரும் கேட்கவில்லை. டேப்பெல்லாம் குப்பையோடு எரிந்துபோயிருந்தது. சீட்டு இருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஓட்டியதற்கு என்ன ஆதாரம்? அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்து, விசாரணைக்கு வா என்று ஓலை அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் அவளுக்கு வகுப்பில் நிரூபணச் சுமை ஆரம்பித்திருந்தது. பகலெல்லாம் கோர்ட்டில் கத்தித் தொண்டை கட்டிய வாத்தியார், மேசையில் உட்கார்ந்து, "சொல்றவன்தான் நிரூபிக்கணும்" என்றார். "நீ திருடின்னு நான் சொன்னா, நான்தான் காட்டணும். திருடலைன்னு நீ காட்ட வேண்டியதில்ல. இல்லாத ஒண்ண எங்க போய்க் காட்டுவ?" அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. யாரோ தன் அண்ணனுக்காகவே எழுதிவைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சொன்னாள்: "நீ எதுக்கும் பதில் சொல்லாதண்ணா. வாயத் திறந்தா அதையே பிடிச்சுப்பாங்க. நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை."

புதன் மதியம் கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, விசாரணை அறைக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெளியாளுக்கு அனுமதி இல்லை. கதவில் பால் நிறக் கண்ணாடி. அதற்குப் பின்னால் தலைகள் அசைவது மட்டும் தெரிந்தது. சீக்கிரமே அண்ணன் வெளியே வந்தான். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியவனின் முகம்.

"நீ சொன்ன மாதிரியே சொன்னேன்," என்றான். "எதைக் கேட்டாலும், 'குத்தம் சொல்றவங்கதான் நிரூபிக்கணும்'. கதவைப் பத்திக்கூட ஒரு வார்த்த பேசல. அந்த ஆபீசர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க." பிறகு சிரித்தான். "உன்னைப் படிக்க வச்சது வீண்போகல."

இருவரும் கேண்டீனில் டீ குடித்தார்கள். திரும்பும் வழியில் அண்ணன் மாடிக்குப் போய் ஒரு வார்டின் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து இப்படி எட்டிப் பார்ப்பதாக அண்ணி சொல்லியிருந்தாள். "இன்னிக்குத் தலையணை வச்சு உக்காந்திருக்காரு," என்றான், தானே அந்த வாட்ச்மேனைத் தூக்கி உட்காரவைத்ததுபோல.

அன்று மாலை வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தார். "போன வகுப்புல பாதிதான் சொன்னேன். பாதியோட போய் எங்கயும் வாதாடிடாதீங்க. ஒரு பூட்டின வீடு. உள்ள நீ, ஒரு பூனை. பால் செம்பு காலி. பூனை பேசாது. அப்ப யார் பேசணும்?"

பின் வரிசையில் ஒரு குரல். "பூனைக்கு வக்கீல் வச்சுக்கலாமா சார்?" அது அப்பீல். பகலில் சாமான் வண்டி ஓட்டுகிறவன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். "வச்சுக்கலாம், பூனை ஃபீஸ் கொடுத்தா. விஷயம் என்னன்னா, உனக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு சங்கதிய நீதான் சொல்லணும். அங்க பேசாம இருந்தா, சுமை உன் தோள்ல வந்து உக்காரும்."

அவள் எழுந்தாள். எழுந்தபின்தான் எழுந்தது தெரிந்தது. "சார், கோர்ட் இல்லாம... வேலை செய்யிற இடத்துல விசாரணைன்னா?"

"அது வேற கதைம்மா. அங்க சந்தேகத்தோட பலன் எல்லாம் எதிர்பாக்காத. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பாப்பாங்க, அவ்வளவுதான். வாயத் திறக்காதவன் பக்கம் வாய்ப்பு நிக்காது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், யாருக்காவது கேக்குறியா?" என்றார்.

"இல்ல சார். சும்மா." அதையும் இன்றைய தவறில் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

வீட்டில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் மூலையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகாத கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அவன் மடித்தால் ரவிக்கைகூடச் சதுரமாகி, நான்கு முனையும் உள்ளே செருகி, அறுவைக்குத் தயாராக இருக்கும். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூனையை மட்டும் விட்டுவிட்டாள்.

அண்ணி கத்தியை வைத்தாள். "மௌனம் சம்மதம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதுக்கு எதுக்கு சாயங்காலக் காலேஜ்?"

"அண்ணி, நான்..."

"நீ ஒண்ணும் சொல்லாத, வக்கீலம்மா. வாயத் திறந்தா பிடிச்சுப்பாங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "தவளை வாயத் திறந்து கெட்டுச்சும்பாங்க. உலகத்துலயே வாய மூடிக் கெட்ட தவளை இவருதான். அந்தக் கதவைச் சுரண்டச் சொன்னது யாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்தம்மா எதிர்லயேதான உக்காந்திருந்தா?"

"விடு. அவ சின்னப் பிள்ளை. எனக்குன்னு யோசிச்சுத்தான சொன்னா," என்றான் அண்ணன்.

அது அண்ணி சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது. அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கூடுதலாகச் சொல்ல ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் வந்து சொல்லலாம் என்று ஆபீசர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அந்த ஒரு நூல்தான் கையில் இருந்தது. முறையாகக் கேட்டு முறையாக எழுதினால் அந்த மதியத்தை மறுபடி எழுப்பிவிடலாம் என்று நம்பினாள். "அன்னிக்கு மூட்டை எப்ப வந்துச்சு, எங்க நின்ன, என்ன பண்ண? ஒண்ணு விடாம சொல்லு."

அண்ணன் கண்ணை மூடினான். கைகள் தாமாகக் கிளம்பின. காற்றில் மூட்டைகளை அடுக்கினான், பெரியது கீழே, சிறியது மேலே, நடுவில் ஆவி போக விரல் இடைவெளி. கதவைத் தள்ளினான், சக்கரத்தைத் திருகினான், முள் ஏறுவதைத் தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தான். அவள் எழுதிக்கொண்டே போனாள். அப்புறம் பேனா நின்றது.

"இது தினமும் செய்யிறது. நான் கேக்குறது அன்னிக்கு."

"அன்னிக்கும் இப்படித்தான்."

"இப்படித்தான்னு எப்படித் தெரியும்?"

அவன் கண்ணைத் திறந்தான். கைகள் இன்னும் இல்லாத சக்கரத்தில் இருந்தன. அண்ணி காய்த் தட்டை மடியில் வைத்தபடி அவனையே பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே சுற்றிச்சுற்றி வரும். அது அன்று உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, ஓட்டினீங்களா, இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் இல்லாத சக்கரத்தை இன்னும் ஒரு சுற்றுத் திருகினான். "ஓட்டியிருப்பேன்," என்றான்.

"இருப்பேனா?"

"மேலருந்து அவசரம் அவசரம்னு போன் வந்த நாள் அது. அது மட்டும் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் எந்த நாளோட ஞாபகம்னு எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா ஒரே கதவு, ஒரே சக்கரம்." கைகளை மடியில் போட்டுக்கொண்டான். "இவ சொல்ற சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ரூம்ல சட்டம் வேற. அங்க எல்லாமே அழுக்குதான். கோடு கறுக்குற வரைக்கும். புது கத்திரியா இருந்தாலும், கழுவிப் பளபளன்னு இருந்தாலும், டேப் கறுக்கலைன்னா அழுக்கு. நான்தான் வர்ற புதுப் பசங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்ப என்னை மட்டும் வேற மாதிரிப் பாருங்கன்னு எந்த வாயால கேக்குறது?"

அண்ணி மறுபடி கத்தியை எடுத்தாள். நறுக்கிய துண்டுகள் வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தன.

வியாழக்கிழமை கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. கண் பரிசோதிக்க வந்த ஒரு பெண்ணிடம் லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டாள். அந்தப் பெண், "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, எது சரின்னு நீங்களே சொல்லுங்களேன்," என்றாள். வழக்கமாக இதற்குச் சிரிப்பு வரும். அன்று, இத்தனை நாள் எத்தனை பேர் பயந்துகொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார்கள், அதைத் தான் நம்பி எழுதிக் கண்ணாடி போட்டுவிட்டிருக்கிறோம் என்று தோன்றியது. 

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போய் மடிப்பக்காவைப் பிடித்தாள். மடிப்பக்கா பருத்த, மெதுவான பெண். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் குழாயடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவேன்னு தெரியும்," என்றாள். "உங்கண்ணன் எப்படி இருக்கான்? சாப்பிடுறானா?"

"சாப்பிடுறாருக்கா. அக்கா, அன்னிக்கு மேல போன மூட்டைய நீங்கதான வண்டியில ஏத்தினீங்க? டேப் கறுத்திருந்துச்சா?"

மடிப்பக்கா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்து முடித்தபின்னும் துடைத்தாள். "கறுப்பாத்தான் இருந்திருக்கும். வெள்ளையா இருந்தா எனக்கு உறுத்தியிருக்கும். உறுத்தல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"உறுத்தலைன்னு வந்து சொல்வீங்களா?"

"அதைச் சொன்னா எடுத்துப்பாங்களா உங்க சட்டத்துல?"

அவளுக்குத் தெரியவில்லை. எந்த வகுப்பிலும் உறுத்தாமல் இருந்ததைப் பற்றி நடத்தியதில்லை. "கதவைப் பத்தியாவது சொல்லுங்கக்கா. மேடம்தான் சுரண்டச் சொன்னாங்கன்னு."

"அவங்க, 'சுத்தம் பண்ணச் சொன்னேன், அதுல என்ன தப்பு'ம்பாங்க. தப்பில்லையே." மடிப்பக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் வீட்டுல வாய்கள் இருக்கும்மா. வரேன்னு சொல்லல. வர மாட்டேன்னும் சொல்லல. நாளைக்கு இதே கேட்ல வந்து நில்லு. அன்னிக்கு எனக்கு எப்படித் தைரியம் இருக்கோ பாப்போம்."

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த பிறகு முதல் முறை. வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பின்கட்டில் அண்ணி துணி நனைத்துக்கொண்டிருந்தாள், அண்ணனின் வேலைச் சட்டைகளை. இனி போடுவானோ மாட்டானோ, துவைத்து வைத்துவிடலாம் என்று எடுத்திருந்தாள். அவள் சுவரில் சாய்ந்து நின்று மடிப்பக்கா சொன்னதைச் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே ஒரு சட்டைக் கையிலிருந்து எதையோ நகத்தால் உரித்து, குப்பைக் கூடை எட்டாததால், நீல வாளியின் வெளிப்பக்கத்தில் ஒட்டினாள்.

"அண்ணி. அது என்ன?"

"எது? இதுவா? இது உங்கண்ணன் சட்டையில ஒட்டிக்கிட்டு வர்ற சனியன். அப்படியே ஊறவச்சா பசை துணியெல்லாம் ஆயிடும். அதான் பிச்சுப் பிச்சு..." அண்ணி நிறுத்தினாள்.

வாளியின் வயிற்றைச் சுற்றித் துண்டு துண்டாக டேப். ஒன்றின்மேல் ஒன்று, கோணல்மாணலாக, சில ஓரம் சுருண்டு, சில சோப்பு நுரையில் மங்கி. கதவைச் சுரண்டிய பிறகு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் சட்டையிலேயே மறந்த துண்டுகள் எல்லாம் இங்கே வந்து ஒட்டியிருந்தன. தினமும் இந்த வாளியில் மொண்டுதான் அவள் குளிக்கிறாள். ஏதோ அழுக்கு என்று நினைத்திருந்தாள்.

அண்ணி தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். இருவரும் வாளியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. அண்ணி விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள், "இதோ கறுப்பு, இதோ, இங்க பாரு," என்று, குரல் ஏற ஏற. "என்னங்க, இங்க வாங்க. இதுல அன்னிக்கு உள்ளதும் இருக்கும்ல? சுரண்டினதுக்கு அப்புறம்தான அந்த நாளு?"

அண்ணன் வந்து நின்றான். "இருக்கும்," என்றான். கண்கள் கலங்கிவிட்டன. "எது அன்னிக்கு உள்ளதுன்னு தெரியாது. ஆனா இருக்கும்."

தேதி இல்லை என்று அவள் மனம் உடனே சொன்னது. யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது, எந்த மூட்டையில் இருந்தது, எதற்கும் சாட்சி இல்லை. ஒவ்வொரு துண்டும் சூடு கண்டது என்பதைத் தவிர எதையும் சொல்லாது. ஆனாலும் எல்லாமே கறுப்பு என்றால், இந்தக் கை ஓட்டாமல் அனுப்புகிற கை இல்லை என்றாவது ஆகாதா? வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்றுதானே பார்ப்பார்கள்? வாத்தியாரிடம் கேட்க வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் கோர்த்துக்கொண்டே வாளியை மெதுவாகத் திருப்பினாள்.

கைப்பிடி மாட்டும் காதுக்குக் கீழே ஒரு துண்டு இருந்தது. அதன் கோடுகள் வெளிறியிருந்தன.

அண்ணியின் விரல் அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"கட்டும்போது கிழிச்ச மிச்சமா இருக்கும்," என்றான் அண்ணன். "புது ரோல் பிரிக்கிறப்ப நுனிய எடுத்துச் சட்டையில ஒட்டிப்போம். எல்லாரும் செய்யிறதுதான்."

"அப்ப அதுதான்," என்றாள் அண்ணி. "அதேதான். உள்ளயே போகாத துண்டு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." நகம் துண்டின் சுருண்ட ஓரத்துக்குப் போனது. "இது கிடந்துதான் என்ன ஆகப்போகுது? பசையே விட்டுப்போச்சு. தண்ணி பட்டா தானா விழுந்துடும்." அவள் நாத்தனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. முதல் முறையாக வக்கீலம்மாவிடம் நிஜமாகவே ஒரு யோசனை கேட்டாள். "என்ன சொல்ற?"

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. விசாரணைக்கு முன்னாலும் இப்படித்தான் வந்தது, அதே வாய். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் குனிந்து, அந்தத் துண்டைத் தொடாமல், கிட்டே போய்ப் பார்த்தான். மூட்டை வெளியே வந்ததும் பார்க்கிற பார்வை அது. தலையை லேசாகச் சாய்த்து.

"இன்னிக்கும் போனேன்," என்றான். "அந்த ஆளு காலை ஊன்றப் பாத்தாரு. முடியல. அவர் சம்சாரம் பிடிச்சுக்கிச்சு." நிமிர்ந்து, "ஒரு லோடுல ஒண்ணு வெள்ளையா வந்தா, எங்க ரூம்ல அதை மட்டும் எடுத்து வைக்க மாட்டோம். மொத்தத்தையும் திருப்பி உள்ள தள்ளுவோம்," என்றான்.

"இது உங்க ரூம் இல்ல. வீடு," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். எடுத்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் ஈரப் புடவையில் துடைத்தாள். மடிப்பக்கா துடைத்தது மாதிரியே.

வெளிறிய துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இருந்த ஒரே வாளி அது. "நாளைக்குத் துணியை எதுல நனைக்கிறது, தலையிலயா?" என்று அண்ணி முணுமுணுத்துக்கொண்டே சமையலறையிலிருந்து பெரிய குண்டானை எடுத்துவந்து, நனைந்த சட்டைகளை அதில் போட்டாள். வாளி காயும்வரை அண்ணன் அதைக் கூடத்தில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்திருந்தான். பிறகு பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, நடுவில் வாளியை வைத்து, ஒரு முனையைத் தூக்கி மேலே போர்த்தினான். எதிர் முனையை அதன்மேல் இழுத்தான். பக்கங்களை உள்ளே மடக்கி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டான். அவ்வளவு பெரிய, உருண்டையான ஒன்றைக்கூட அவன் கை சதுரமாக்கப் பார்த்தது. கடைசி முனையை மேலே கொண்டுவந்து அழுத்திப் பிடித்தபோது, மற்றொரு கை தானாகச் சட்டைக் கையின்மேல் போய்த் தடவியது. அங்கே ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மூட்டையின் வாயைப் பிடித்தபடி அவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.

மார்ச் 13, வியாழன். இன்றைய சிறிய தவறு: 

அந்த இடத்தைக் காலியாக விட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்.

நாளை: கடையில் முழுநாள் லீவு சொல்ல வேண்டும். காலையில் பின்வாசலில் மடிப்பக்காவுக்காக நிற்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் மதியம் அண்ணனோடு பெஞ்சு வரை போக வேண்டும். கதவைச் சுரண்டியதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். வாளியை நான் தூக்கிக்கொள்கிறேன். பேருந்தில் கூட்டம் இருந்தால் நடந்தே போகலாம். வழியில் எந்தத் துண்டும் உதிரக் கூடாது.